பிடித்தவன் வாய் திறக்கக் கூடாது

லாங் ஈட்டன்
12 ஆகஸ்ட் 1985

மச்சான் செல்வினுக்கு,

உன் தங்கை பெரில் உட்காரவைத்து எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நீ கடற்கரை முழுக்கத் தம்பட்டம் அடிப்பாய்.

எங்கள் மகள் லோரெய்னுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் டார்பிக்காரன், பேருந்துப் பணிமனையில் வேலை, குடியெல்லாம் அளவோடுதான். ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை தேவாலயத்தில் கல்யாணம். உன் தங்கை என்ன சொல்கிறாள் தெரியுமா? "எங்க அண்ணன் முன் வரிசையில உக்காரலன்னா நானும் உக்காரமாட்டேன். கதவுகிட்ட நின்னு பாத்துக்கிறேன்" என்கிறாள். ஒரு மீனுக்காக இரண்டு கிழட்டுக் கழுதைகள் பன்னிரண்டு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தது போதுமாம். கழுதை என்றது அவள், நான் இல்லை.

கல்யாண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் முதல் முதலாக முகம் பார்த்துக்கொள்வதைவிட, அதற்கு முன்பே ஒருமுறை சந்தித்துவிடலாம் என்று தோன்றியது. அக்டோபர் முதல் ஞாயிறு நம் தூண்டில் சங்கத்து ரோச் மீன் போட்டி. அதே கரைதான், அணைக்குக் கீழே. இந்த வருஷம் ட்ரென்ட் ஆற்றில் ரோச் கொட்டிக் கிடக்கிறது. கையகலத்துக்குக் குறைந்து ஒன்றும் இல்லை, துடுப்பெல்லாம் ரத்தச் சிவப்பு. வா, நீயும் தூண்டில் போடு. முடிந்ததும் 'மூன்று கொக்கு' மதுக்கடையில் ஆளுக்கு ஒரு கோப்பை பீர் குடித்துவிட்டுப் பழசை விட்டுவிடுவோம்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி நான் எதுவும் செய்யவில்லை. பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

டெஸ்மண்ட்


மேபிள்தார்ப்
19 ஆகஸ்ட் 1985

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை டெஸ்மண்ட் அவர்களுக்கு,

தாங்கள் பெரிய மனது வைத்து எழுதிய கடிதம் கிடைத்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். லோரெய்ன் கல்யாணச் சேதிக்கு மனசு நிறைந்தது. மீதியை அடுப்பில் போடப் போனவன், கடைசி வரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். பார்த்ததைச் சொன்னீர்களாம். சரி, மரியாதை இத்தோடு போதும்.

உனக்கு அந்த நாள் மறந்திருக்கும். கோப்பை வாங்கினவனுக்கு எல்லாம் சுலபமாக மறந்துபோகும். நான் சொல்கிறேன், கேள். 1973 அக்டோபர். குலுக்கலில் எனக்கு விழுந்தது கடைசி இடம், வேலி ஓரம். அதற்கு அப்பால் ஆள் கிடையாது, மாடுகள்தான். இந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் நீ. காலையில் விரல் விறைக்கிற குளிர். புழு விறைத்துப்போகாமல் இருக்க உதட்டுக்குள் அதக்கிவைத்துச் சூடு காட்டித்தான் முள்ளில் கோத்தோம். முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றுமே மாட்டவில்லை. நீ இழுத்துக்கொண்டே இருந்தாய். ஒவ்வொரு மீனுக்கும் என் பக்கம் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

நான் பதறவில்லை. வேகவைத்த சணல் விதையைச் சிட்டிகை சிட்டிகையாகத் தக்கைக்கு மேலே தூவிக்கொண்டே இருந்தேன். மதியத்துக்கு மேல் ரோச் கூட்டம் உன்னை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றது. தக்கை அமுங்கும், மணிக்கட்டால் தூண்டிலை வெடுக்கென்று ஒரு வெட்டு, மீன். மறுபடியும் தூவல், மறுபடியும் மீன். அப்படி ஒரு மத்தியானம் ஒரு மனுஷனுக்கு ஆயுசில் ஒரு தடவைதான் வரும். அப்போது நீ என் பக்கம் பார்த்துச் சிரிக்கவில்லை.

கடைசி மீன் பெரியது. அது கவ்வியபோது ஆற்றங்கரை அமைதியாக இருந்தது. தூண்டில் வளைந்த பிறகுதான் போட்டியை நடத்திய செட்ரிக் கேதர்கோல் முடிவு விசில் ஊதினான். விசிலுக்கு முன்னால் மாட்டிய மீனை அப்புறம் கரையேற்றினாலும் எடையில் சேரும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பார்கள். பிடித்தவன் மட்டும் வாய் திறக்கக் கூடாது, கேட்டால் எவன்தான் 'பின்னாடி' என்று சொல்வான் என்று நம் சங்கத்து முப்பாட்டன்கள் போட்ட சட்டம். கொலை செய்தவனைக்கூட நீதிபதி 'நீ என்னப்பா சொல்றே' என்று ஒரு வார்த்தை கேட்பார். நம் கரையில் கேட்கமாட்டார்கள். கேதர்கோல் உன்னைக் கேட்டான். நீ தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு, "பின்னாடிதான் மாட்டுச்சு" என்றாய். மீனைத் தராசில் வைக்காமலே ஆற்றில் விட்டார்கள். அது இல்லாமல் என் வலைப்பை உன் வலைப்பையைவிட இரண்டு அவுன்ஸ் குறைவு. கோப்பை யார் வீட்டு அலமாரிக்குப் போனது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

கோப்பை போய்த் தொலையட்டும். அன்றிலிருந்து அந்த ஊரில் யார் தாமதமாக வந்தாலும் அவனுக்குப் பேர் 'செல்வின் விசில்'. சோபாத் தொழிற்சாலையில் நான் குனிந்து ஆணி அடிக்கும்போது பின்னால் நின்று விசில் ஊதுவார்கள். திரும்பினால் எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊரை விட்டே வந்து இங்கே கேரவன் வண்டிகளுக்கு மெத்தை தைத்துப் பிழைக்கிறேன். போன மாதம் உங்கள் ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவன் என் பேரைக் கேட்டதும், "அட, விசில் செல்வின் நீங்கதானா?" என்றான். அவன் பிள்ளைகள் பக்கத்தில் நின்று சிரித்தன.

நான் வரவேண்டும் என்றால் ஒரே ஒரு நிபந்தனை. எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று, என் மீன் விசிலுக்கு முன்னால் மாட்டியது என்று சொல்லு. சொன்னால் கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து பாட்டும் பாடுகிறேன்.

செல்வின்


லாங் ஈட்டன்
2 செப்டம்பர் 1985

செல்வினுக்கு,

உன் கடிதத்தைப் பெரிலிடம் காட்டவில்லை. அவள் நிம்மதியாக இருக்கட்டும்.

நீ கேட்டதைச் செய்யமாட்டேன். செத்தாலும் மாட்டேன். விசில் சத்தம் கேட்டது, திரும்பினேன், உன் தூண்டில் வளைந்திருந்தது. அதைத்தான் சொன்னேன். இரண்டு அவுன்ஸுக்காக மனைவியின் அண்ணனைக் காட்டிக்கொடுக்கிறவன் என்றா என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நான் முப்பது பேரை வேலை வாங்குகிற மேஸ்திரி. டெஸ்மண்ட் பொய் சொன்னான் என்று இந்த ஊரில் இன்றுவரை ஒருவன் சொன்னதில்லை. உன்னைத் தவிர.

விசில் கதையை நான் கிளப்பிவிடவில்லை. ஊர் வாய்க்கு நான் மூடி போட முடியுமா? நீயும் ஒன்றும் பாவம் இல்லை. மீன் மாட்ட ஆரம்பித்தால் உனக்குத் தலைகால் தெரியாது, கரை முழுக்கக் கேட்கிற மாதிரிப் பாடுவாய். அன்றைக்கும் பாடினாய். அதனால்தான் யாருக்கும் உன்மேல் இரக்கம் வரவில்லை.

நிபந்தனை போடுவதாக இருந்தால் வராதே. கல்யாணத்துக்கும் வராவிட்டால், அது எனக்குச் செய்கிற வஞ்சம் இல்லை, உன் கூடப் பிறந்தவளுக்குச் செய்கிற துரோகம்.

டெஸ்மண்ட்


மேபிள்தார்ப்
9 செப்டம்பர் 1985

மாப்பிள்ளை,

'திரும்பினேன்' என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அதுவரைக்கும் உன் பார்வை வேறு எங்கோ இருந்திருக்கிறது. எங்கே என்று எனக்குத் தெரியும். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். மூடியில் ஊற்றும்போது சிந்தி, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டாய். நீ இதற்குப் பதில் எழுதமாட்டாய் என்றும் தெரியும்.

நிபந்தனையை எடுத்துக்கொள்கிறேன். போட்டிக்கு வருகிறேன். தூண்டில் கொண்டு வரமாட்டேன். ஆற்றங்கரையில் யாரும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் அல்லவா?

செல்வின்


லாங் ஈட்டன்
8 அக்டோபர் 1985

செல்வின்,

நீ செய்தது மனுஷன் செய்கிற காரியமா?

காலையில் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எல்லாருக்கும் வணக்கம் சொன்னாய். அதுவரை நல்லவன்தான் என்று நானும் நினைத்தேன். நேராக வந்து என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாய். "என்ன மச்சான்" என்று கேட்டேன். தேநீர் நீட்டினேன். தலையை மட்டும் ஆட்டினாய். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல், பன்றிக்கறி அப்பத்தைக் கொறித்துக்கொண்டு, என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பாடையைக் காவல் காக்கிறவன்கூட அப்படி உட்காரமாட்டான். எனக்குக் கை ஓடவில்லை. தக்கை அமுங்குவது தெரிந்தும் வெட்டத் தாமதமாகி, மாட்ட வேண்டிய மீன் எத்தனையோ போயிற்று. அப்படியும் சமாளித்துப் பிடித்தேன்.

கடைசியில் நடந்ததை நீயே நினைத்துப் பார். மழைக்குப் பயந்து என் பக்கத்து இடத்துக்காரன் மத்தியானமே மூட்டை கட்டிவிட்டான். விசில் அடித்தது. அது ஓய்ந்த பிறகுதான் என் தக்கை அமுங்கியது. பழக்கம், கை தானாக வெட்டிவிட்டது. அரைப் பவுண்டு ரோச். ரெக்ஸ் பில்பீம் மூச்சிரைக்க ஓடிவந்து அது சேராது என்றான். அந்த மீன் இல்லாவிட்டால் அவன்தான் முதல். கேதர்கோல் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் உன்னைத் தவிர ஒரு குஞ்சும் இல்லை.

"செல்வின், நீ போட்டியில இல்ல. உனக்கு இதுல லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. நாள் பூரா இங்கயே இருந்திருக்கே. முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டான்.

நீ எழுந்து நின்று, நாற்காலியை நிதானமாக மடக்கி, "முன்னாடிதான். நல்லாப் பாத்தேன்" என்றாய். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாய் பார், அது எனக்குத் தூக்கத்திலும் வருகிறது.

அது பொய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் திறக்கவில்லை. நவம்பர் முப்பதாம் தேதி விருந்தில் கோப்பை கொடுக்கப் போகிறார்கள். அதற்குள் கேதர்கோலுக்கு ஒரு வரி எழுதி, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடு. உன் தங்கை முகத்துக்காகவாவது செய்.

டெஸ்மண்ட்


மேபிள்தார்ப்
14 அக்டோபர் 1985

என் அருமை மாப்பிள்ளை,

ஆமாம், பொய்தான் சொன்னேன். பச்சைப் பொய். கேதர்கோல் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டிருந்தான், அப்போதுதான் உன் தக்கை அமுங்கியது. இவ்வளவு தெளிவாக நான் எதையும் பார்த்ததில்லை.

பழக்கத்தில் கை வெட்டிவிட்டதாம். சரி, அதை நம்புகிறேன். அப்புறம் கைவலையை எதற்கு நீட்டினாய்? மீனை எதற்கு வலைப்பையில் போட்டாய்? அதுவும் பழக்கமா? அந்த மீன் உன் கையில் துள்ளியபோது உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். பல்லெல்லாம் தெரிந்தது.

நான் எழுதமாட்டேன். என் வாயால் உனக்குக் கோப்பை கிடைத்திருக்கிறது, வாங்கிக்கொள். விருந்துக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போ. ரெக்ஸ் பில்பீம் எதிரில் உட்கார்ந்திருப்பான், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கு. கை தட்டுவார்கள், தலை குனிந்து நன்றி சொல். அது செல்வின் போட்ட பிச்சை என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மென்று முழுங்கு. தொண்டையில் சிக்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்ல ஆசையாக இருக்கிறதா? சட்டம் வாயைக் கட்டியிருக்கிறதா? எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை? மூச்சு முட்டுகிறதா? ஒரு வாரத்துக்கே இப்படி என்றால், பன்னிரண்டு வருஷம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பார்.

உன் மச்சான்
செல்வின்


லாங் ஈட்டன்
1 டிசம்பர் 1985

செல்வினுக்கு,

உன் கணக்கு தப்பிவிட்டது. நான் மென்று முழுங்கவில்லை. துப்பிவிட்டேன்.

நேற்று 'மூன்று கொக்கு' மாடியில் விருந்து. உட்கார இடம் இல்லாத கூட்டம். மாட்டிறைச்சியும் அவித்த கிழங்கும் முடிந்து, கேதர்கோல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு என் பேரைக் கூப்பிட்டான். மேடைக்குப் போனேன். கை நீட்டவில்லை. "இத ரெக்ஸுக்குக் குடுங்க. என் மீன் விசிலுக்குப் பின்னாடிதான் மாட்டுச்சு" என்றேன்.

கேதர்கோலுக்குத் தர்மசங்கடம். "டெஸ், பாத்துக்கிட்டிருந்தவன் முன்னாடின்னு சொல்லிட்டான். சட்டப்படி அதோட முடிஞ்சது. நீ பேசக் கூடாது" என்றான்.

நான் விடவில்லை. இத்தனை வருஷம் மேஸ்திரியாக இருந்த குரல் சும்மாவா? மேசையை ஓங்கித் தட்டினேன். "சட்டம் கிடக்கட்டும் செட்ரிக். பக்கத்துல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? மீன் எப்பக் கவ்வுச்சுன்னு தூண்டில் புடிச்ச கைக்குத்தான் தெரியும். வேடிக்கை பாக்கிறவன் என்னத்தக் கண்டான்? அவன் சொல்றதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றேன்.

முதலில் ரெக்ஸ் எழுந்து கை தட்டினான். அப்புறம் கூடமே எழுந்தது. மனுஷன்னா இவன்தான் என்றார்கள். ரெக்ஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அங்கேயே கமிட்டி கூடி, இனிமேல் சந்தேகம் வந்தால் பிடித்தவனைத்தான் முதலில் கேட்பது, அவன் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வது என்று கை தூக்கி முடிவு செய்துவிட்டார்கள். முப்பாட்டன்கள் போட்ட சட்டத்தை ஒரே ராத்திரியில் நான் மாற்றியிருக்கிறேன். உன் பேர்தான் இன்னும் கெட்டது. அன்றைக்கு மீனில் ஏமாற்றினவன், இன்றைக்குச் சாட்சியிலும் ஏமாற்றுகிறான் என்று இரண்டொருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். நீ வெட்டின குழி, நீயே விழுந்தாய்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. பெரில் கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். வீடு வந்து சேரும்வரை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்லங்க. எங்க அண்ணனுக்கு எழுதுங்க. நீங்க பேசினத ஒரு வார்த்தை விடாம அப்படியே எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

டெஸ்மண்ட்


மேபிள்தார்ப்
5 டிசம்பர் 1985

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். உட்கார்ந்து படித்தேன். அப்புறம் சத்தம் போட்டு வாசித்தேன்.

தூண்டில் பிடித்த கைக்குத்தான் தெரியும். வேடிக்கை பார்க்கிறவன் என்னத்தைக் கண்டான். மேசையைத் தட்டிச் சொன்னாயா? கூடம் முழுக்கக் கேட்டதா? நல்லது. இப்போது எனக்கு ஒன்று சொல். 1973-இல் தூண்டில் யார் கையில் இருந்தது? வேடிக்கை பார்த்தவன் யார்?

பெரில் ஏன் சிரித்தாள் என்று இப்போது புரிகிறதா? கூடத்தில் அவளுக்கு மட்டும்தான் உடனே புரிந்தது. மற்றவர்களுக்குக் காலையில் போதை தெளிந்த பிறகு புரிந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை கேதர்கோல் தொலைபேசியில் கூப்பிட்டான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் குரலை ஆற்றங்கரையில் அன்று ஒருநாள் கேட்டதோடு சரி. வாய்க்குள்ளேயே மென்றான், வானிலை பற்றிப் பேசினான். கடைசியில், "செல்வின், சட்டத்த மாத்திட்டோம். ஊர்ல எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்கிறாங்க. அன்னைக்கு உன்னக் கேக்காம விட்டுட்டேன். இப்பக் கேக்கிறேன். அந்த மீன் எப்ப மாட்டுச்சு?" என்றான்.

இத்தனை வருஷமாக ஒருவன்கூட என்னிடம் கேட்டதில்லை, டெஸ்மண்ட். ஒருவன்கூட. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று தினம் தினம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "முன்னாடி" என்றேன். "சரிப்பா, அப்ப முன்னாடிதான்" என்றான். சங்கத்துச் சுவரில் அந்த வருஷத்துக்கு எதிரே உன் பேரை எடுத்துவிட்டு என் பேரை எழுதப் போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் நீ எழுந்து பேசலாம் என்றும் சொன்னான். பேசுவாயா? என்ன என்று பேசுவாய்? பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்றா?

ஒன்று மட்டும் உள்ளபடி சொல்கிறேன். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. எனக்கு அவ்வளவு மூளை கிடையாது. அந்தக் கோப்பை உன் நெஞ்சைக் குத்த வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். மீதியை நீயே செய்தாய், உன் வாயாலேயே, கைதட்டல் வாங்கிக்கொண்டு.

கல்யாணத்துக்கு வருகிறேன். முன் வரிசைதான். என் மருமகளுக்குக் கட்டில் மெத்தை நானே தைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதே.

பெரில் நேற்றுத் தொலைபேசியில் பேசினாள். அந்தப் பழைய கோப்பையைத் துணியில் சுற்றி எனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது உன் அலமாரியிலேயே இருக்கட்டும், முன் வரிசையில், துடைத்துப் பளபளவென்று. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் உன் வீட்டுக்குத்தானே வருவார்கள், பார்க்கட்டும்.

செல்வின்